“வடிவாத்தான் இருக்கு, ஆனா என்ர பிள்ளை மாதிரி இல்லை”

ஒட்டுசுட்டானுக்கு அங்கால் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 23 வயதுப் பெண்பிள்ளை ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விபரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

உயர்தரத்தில் கலைப்பிரிவில் படித்தவர். சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்க ஆசைப்பட்டும் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இருக்கவில்லை. இரண்டு வருடமாக யூடியூப் பார்த்து, புகைப்படத்தில் உள்ள முகத்தைப் பென்சிலால் அச்சொட்டாக வரையப் பழகுகிறார். படத்திலும் தாளிலும் கட்டம் போட்டுத்தான் வரைகிறார். “கட்டம் போட்டு வரையிறது கொப்பியடிக்கிறதுதான்” என்று மச்சான் ஒருவர் சொன்னது மனதில் தைத்துவிட்டது. ஊரில் செத்தவர்களின் படங்களைக் கொண்டுவந்து பெரிதாக வரைந்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு தாய்க்கு, இறந்துபோன அவருடைய மகனை மூன்று கிழமை இருந்து வரைந்து கொடுத்தார். இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிற படம். அந்த அம்மா கனநேரம் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்கு, ஆனா என்ர பிள்ளை மாதிரி இல்லை” என்று சொல்லியிருக்கிறார். அன்று இரவு முழுக்க அழுதேன் என்று எழுதுகிறார் இந்தப் பிள்ளை.

இப்போது இன்னொரு அம்மா வந்திருக்கிறார். 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஒரேயொரு படம் அவரிடம் இருக்கிறது. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம், தண்ணீர் பட்டு ஒரு கண் இருந்த இடமே இல்லை. அப்போது அவனுக்கு வயது 19. “இப்ப இருந்தா எப்பிடி இருப்பானோ அப்பிடி வரைஞ்சு தா” என்று கேட்கிறார். வரையலாமா? செத்தவர்களின் படத்துக்குக் காசு வாங்குவது பாவமா? நடிகர்களை வரைந்து பேஸ்புக்கில் விற்கச் சொல்லி வெளிநாட்டிலிருக்கும் அண்ணா சொல்கிறார், அது சரியா? கடைசி வரியில் இப்படிக் கேட்டிருக்கிறார்: “ரீச்சர், எனக்குப் பிறவியிலேயே கை வராது போல. விட்டிடட்டா?”

பிள்ளை, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். விடவேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளில் 27 வருடம் சித்திரம் படிப்பித்தவள் நான். பிறக்கும்போதே கை வந்த பிள்ளை என்று விரல்விட்டு எண்ணினாலும் இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். மற்ற எல்லாரும் பார்த்துப் பார்த்துப் பழகினவர்கள். நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன். கோடு சுத்தமாக இருக்கிறது, பொறுமை இருக்கிறது, தாளில் அழுக்கில்லை. கையில் குறையே இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது, அந்த இடத்தை அந்த அம்மா சரியாகத் தொட்டுவிட்டார்.

அந்த அம்மா கண்டது என்ன

இரணைமடுக் குளக்கட்டில் பொழுதுபடுகிற நேரம் தூரத்தில் ஒரு ஆள் சைக்கிளில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் தெரியாது, மூக்குத் தெரியாது, இமை மயிர் எங்கே தெரியப்போகிறது? ஆனாலும் “அது எங்கட சித்தப்பா” என்று சொல்லிவிடுகிறோம். தலை கழுத்தில் எப்படி இருக்கிறது, நெற்றி எவ்வளவு, தாடை எவ்வளவு, தோள் எந்தப் பக்கம் சரிவு என்பதை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறோம். தாய்க்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அந்தக் கணக்குப் பிசகின படத்தில் எத்தனை இமை மயிர் போட்டாலும் அது வேறொருவருடைய பிள்ளைதான்.

உங்கள் படத்தை அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். வளர்ந்த ஆளின் தலையில் உச்சிக்கும் நாடிக்கும் நடுவில் கண் இருக்கும். பழகுகிறவர்கள் எல்லாரும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். கண், மூக்கு, வாய் என்று நாங்கள் கவனிக்கிற பொருட்கள் எல்லாம் முகத்தின் கீழ்ப்பாதியில் கிடக்க, நெற்றியையும் மண்டையையும் வெறும் இடமாக நினைத்துச் சுருக்கிவிடுகிறோம். நீங்களும் சுருக்கியிருக்கிறீர்கள். அதனால் அந்தப் பொடியனின் முகம் நீண்டு, தலை சிறுத்துப் போய்விட்டது. இன்னொன்று: கண்ணில் தொடங்கி, கண்ணை முழுதாக முடித்து, அதிலிருந்து மூக்குக்கு இறங்கியிருக்கிறீர்கள். அது உங்கள் அழிறப்பர் அடையாளங்களிலேயே தெரிகிறது. வீடு கட்டும்போது அத்திவாரம் வெட்ட முதல் யன்னலுக்குப் பெயின்ற் அடிப்போமா? முழுத் தலையின் வடிவம், கழுத்து, தோள், பிறகு நிழல் விழுந்த பெரிய இடங்கள், அதற்குப் பிறகுதான் கண்.

பொதுக் கணக்கு சிலது மனதில் இருக்கட்டும். முகத்தின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண் அகலம். இரண்டு கண்ணுக்கும் இடையில் ஒரு கண் அகலம். மயிர் தொடங்குகிற இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து நாடி, இந்த மூன்றும் ஏறக்குறையச் சமம். எங்கள் சிற்பிகள் தாலம் என்று அளந்த கணக்கிலும் முகத்தை இப்படி மூன்று பங்காக்குவார்கள். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே போட்டால் கோயில் சிலைதான் வரும். இந்தப் பொதுக் கணக்கிலிருந்து உங்களுக்கு முன்னால் இருக்கிற முகம் எங்கே விலகுகிறது என்று பாருங்கள். நாடி கொஞ்சம் நீளமா? ஒரு காது மற்றதை விடத் தாழ்வா? அந்த விலகலில்தான் ஆள் இருக்கிறார்.

இதை நான் படித்தது ஒரு பிழையால். 2010 இல், போர் முடிந்து எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய புதிதில், ஒரு அக்கா தன் கணவனின் பாஸ்போர்ட் படத்தைக் கொண்டுவந்து வரைந்து கேட்டார். அவருக்கு இடது கண் இமை கொஞ்சம் தாழ்ந்து இருந்தது. படம் எடுக்கும்போது கண் சிமிட்டியிருப்பார் என்று நினைத்து, வலது கண்ணைப் போலவே இடதையும் திறந்து வரைந்தேன். வடிவாக்கினேன் என்ற எண்ணம் வேறு. அந்த அக்கா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “ரீச்சர், இவருக்கு இந்தக் கண் சின்னனிலேயே அப்பிடித்தான்” என்று மெல்லச் சொன்னார். அவரை அவராக்கியதே அந்த இமைதான், அதை நான் அழித்துவிட்டேன். அன்றைக்கே இன்னொரு தாள் எடுத்துத் தொடக்கத்திலிருந்து வரைந்தேன். அதற்குப் பிறகு எந்த முகத்தையும் நான் திருத்துவதில்லை.

கட்டம் போடுவது களவா

இல்லை. மச்சானிடம் சொல்லுங்கள், 16 ஆம் நூற்றாண்டு ஜேர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், கட்டமிட்ட சட்டகத்தின் ஊடாகப் பார்த்து ஒருவர் வரைவதை மரச்செதுக்குப் படமாகவே செய்து வைத்திருக்கிறார். எங்கள் காலத்தில் அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் புகைப்படத்தில் கட்டம் போட்டு, ஏறத்தாழ ஒன்பது அடி உயரத்தில் தன் முகத்தை 1968 இல் வரைந்து முடித்தார். அவருக்கு மனிதர்களின் முகங்களை அடையாளம் காண முடியாத ஒரு குறைபாடு இருந்தது. அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுக்க முகங்களையே வரைந்தார்.

ஆனால் கட்டத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைக் கணக்காகவே சொல்கிறேன். அடையாள அட்டைப் படம் 3.5 சென்ரிமீற்றர் அகலம், 4.5 உயரம் என்று வையுங்கள். அதில் அரை சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டால் குறுக்கே 7 கட்டம், நெடுக்கே 9 கட்டம். ஆறு மடங்கு பெருப்பித்தால் தாளில் ஒவ்வொரு கட்டமும் 3 சென்ரிமீற்றர், படம் 21 இற்கு 27. ஏ3 தாளில் சுற்றிவர இடம் விட்டு அழகாக அமையும். சரி, இப்போது சின்னப் படத்தில் நீங்கள் அரை மில்லிமீற்றர் பிழையாகப் பார்த்தால்? தாளில் அது 3 மில்லிமீற்றர். வாயின் ஓரம் 3 மில்லிமீற்றர் மேலே போனால் ஆள் சிரிக்கிறார், கீழே போனால் கோபிக்கிறார். கட்டம் உங்கள் பிழையையும் ஆறு மடங்காகப் பெருப்பிக்கும்.

ஆகவே கட்டம் போடுங்கள், ஆனால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். எல்லாக் கட்டத்திலும் மெல்லிய கோட்டால் பெரிய வடிவத்தை மட்டும் முதலில் பிடியுங்கள். பிறகு கட்டத்தை மறந்து, படத்தையும் தாளையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். தலைகீழாகப் பார்க்கும்போது அது முகமாகத் தெரியாது, வெளிச்சமும் நிழலுமாகத்தான் தெரியும். பிசகு பளிச்சென்று கண்ணில் படும். அடுத்த படத்துக்குக் கட்டங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். அதற்கடுத்ததற்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் போதும். படத்தின் மேல் தாளை வைத்து ஊடுபிரதி எடுப்பதை மட்டும் பழக்கமாக்க வேண்டாம். அதில் உங்கள் கண்ணுக்கு வேலையே இல்லை.

படம் சொல்கிற பொய்கள்

புகைப்படத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நினைத்து வரைகிறீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம் போனில் எடுத்த செல்பியைப் பார்த்து வரைந்தது, இல்லையா? மூக்குப் பெருத்து, காது பின்னால் ஓடியிருக்கிறது. கிட்ட நின்று எடுத்தால் கமராவுக்கு அருகில் உள்ளது பெரிதாகத்தான் விழும். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடியில் எடுத்ததை விட மூக்கு ஏறத்தாழ 30 வீதம் அகலமாகத் தெரியும் என்று 2018 இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு கணக்கிட்டது. அதை அப்படியே வரைந்தால் வீட்டுக்காரர் ஆளைத் தேடுவார்கள். இன்னொரு படம் இருந்தால் கேட்டு வாங்குங்கள், தூர நின்று எடுத்ததாக.

முன்னுக்கிருந்து பிளாஷ் அடித்த படம் இன்னொரு விதமான பொய். நிழலெல்லாம் கழுவுப்பட்டு முகம் தட்டையாகிவிடும். கண்ணுக்குக் கீழே உள்ள குழி, மூக்கின் பக்கச் சரிவு, கன்ன எலும்பு எல்லாம் அங்கே இருக்கும், ஆனால் படத்தில் இராது. அதை எங்கிருந்து எடுப்பது? உயிருள்ள முகங்களிலிருந்து. கிழமையில் இரண்டு நாளாவது படத்தை மூடிவைத்துவிட்டு ஆட்களை வரையுங்கள். பின்னேரம் விறாந்தையில் இருக்கிற அம்மம்மாவை விட நல்ல பாடம் கிடைக்காது. அவ அசைவா, பரவாயில்லை. அதற்கும் முதல், இரவில் லைற்றை அணைத்துவிட்டு ஒரு முட்டையை மேசையில் வைத்து, ஒரு பக்கத்தில் குப்பி விளக்கை ஏற்றிவைத்து வரைந்து பாருங்கள். வெளிச்சம் நேரே விழும் இடம், மெல்ல மங்கும் இடம், இருட்டு, அந்த இருட்டின் ஓரத்தில் மேசையிலிருந்து திரும்பி வருகிற மெல்லிய ஒளி, மேசையில் விழும் நிழல். முகத்தில் இருப்பதும் இவ்வளவுதான். மூக்கு நுனி ஒரு முட்டை, கன்னம் ஒரு முட்டை. முட்டை வந்தால் மூக்குக்குக் கோடு போடமாட்டீர்கள்.

கோடு என்றதும் இன்னொன்று. உங்கள் நான்கு படத்திலும் கறுப்பு இல்லை. எல்லாம் சாம்பல். எச்.பி. பென்சில் ஒன்றையே வைத்து அழுத்தியிருக்கிறீர்கள், தாள் பளபளத்திருக்கிறது, கறுக்கவில்லை. பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்று பலரும் சொல்வார்கள், அது காரீயம் (கிராபைற்), எங்கள் நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் தோண்டி எடுக்கிற அதே பொருள். அதோடு களிமண் கலந்து சுட்டுத்தான் பென்சில் செய்கிறார்கள். 1795 இல் பிரான்சில் கொன்ரே என்பவர் காப்புரிமை எடுத்த முறை அது. களிமண் கூடினால் பென்சில் கடினம், கோடு வெளிறல். குறைந்தால் மெது, கோடு கறுப்பு. எச்.பி.யை எவ்வளவு அழுத்தினாலும் அதற்குள் அவ்வளவு கறுப்பு இல்லை. எச்.பி., 2பி, 4பி, 6பி என்று நான்கு வாங்குங்கள், பெட்டியோடு பன்னிரண்டு வேண்டாம். தாள் கொஞ்சம் தடிப்பாக, மிகவும் வழுவழுப்பு இல்லாமல் இருக்கட்டும். சாதாரணச் சித்திரக் கொப்பித் தாள் இரண்டாம் பூச்சுக்கே களைத்துவிடும். சுவரில் படம் ஒட்டுகிற புளூ ரக் ஒரு துண்டு இருந்தால் உருட்டிக் கூராக்கி, கண்மணியில் உள்ள வெளிச்சப் புள்ளியை ஒற்றி எடுக்கலாம். விரலால் தேய்க்காதீர்கள். எங்கள் வெயிலில் கை வியர்வையும் எண்ணெயும் தாளில் ஊறி, பிறகு எந்த அழிறப்பருக்கும் அசையாது. கைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் எப்போதும் இருக்கட்டும்.

தோலின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “கொஞ்சம் வெள்ளையா வரையுங்கோ” என்று கேட்பார்கள். நீங்களும் கேட்காமலே வெளிற வைத்திருக்கிறீர்கள், யூடியூப்பில் பார்த்துப் பழகியது வெள்ளைக்காரரின் முகங்கள் என்பதாலாக இருக்கலாம். எங்கள் தோலில் நிழலை விட மினுக்கம்தான் முகத்தின் வடிவத்தைக் காட்டும். நெற்றி, மூக்குத் தண்டு, கீழுதடு. மற்ற இடமெல்லாம் முதலில் 2பியால் மெல்லிய படையாகப் போட்டு நிரப்பிவிட்டு, அதற்கு மேல் கறுப்பைக் கட்டுங்கள். கண்ணின் வெள்ளையைக்கூட வெறுந்தாளாக விடாதீர்கள், மேல் இமையின் நிழல் அதில் விழும். பல்லைப் பல்லாகப் பிரித்துக் கோடு போடாதீர்கள். தலைமயிரை ஒவ்வொரு மயிராக வரையாமல் ஒரு கறுத்த வடிவமாகப் பிடித்து, ஓரத்தில் மட்டும் நாலைந்து மயிரைப் பிரித்து விடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட மகன்

இதைத்தான் நான் கூட யோசித்தேன்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 இல், காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டுத் தொடங்கிய போராட்டத்தில், தாய்மார் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படம் இருந்ததைக் கண்டிருப்பீர்கள். அந்தப் படம் அவர்களுக்கு நினைவு மட்டும் இல்லை, சாட்சியும் அதுதான். ஆகவே முதல் வேலை: அந்த மூலப்படத்தில் பென்சிலால் கட்டம் கீறவேண்டாம், துடைக்கவேண்டாம், பிளாஸ்ரிக்கைப் பிரிக்கவேண்டாம். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். வெளியில் வெயில் படாத வெளிச்சமான நிழலில், பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேரே சமாந்தரமாகப் பிடித்து ஏழெட்டுத் தரம் எடுங்கள். எடுத்ததைப் பெருப்பித்து, அந்தப் பிரதியில் கட்டம் போடுங்கள். மூலப்படத்தை அன்றைக்கே அம்மாவின் கையில் திருப்பிக் கொடுங்கள். ஒரு இரவுகூட உங்கள் வீட்டில் இருக்கவேண்டாம். தெளிவாக எடுத்த பிரதியைப் பிள்ளைகள் யாருடைய போனிலாவது ஏற்றியும் கொடுங்கள், அவருக்கு இருப்பது அந்த ஒன்றுதான்.

வயதாக்கி வரைவது முடியாத காரியம் இல்லை. வெளிநாடுகளில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் அப்படி வரைவிக்கிறார்கள். அந்த வயதில் தகப்பன், சகோதரர்கள் எப்படி இருந்தார்கள் என்ற படங்களை வைத்துக் கணித்து, இது கணிப்புத்தான் என்று எழுதியே வெளியிடுவார்கள். பழகின ஆட்கள் செய்யும் வேலை அது. உங்களுக்கு முன்னால் இருப்பதோ ஒரு கண் இல்லாத, நகத்தளவு முகம். அதில் 16, 17 வருடத்தை ஏற்றினால் அந்த முகத்தில் முக்கால்வாசி உங்கள் கற்பனையாக இருக்கும். அந்த அம்மா அதை நம்பிவிடுவார், பிள்ளை. பஸ்ஸிலும் சந்தையிலும் அந்த முகத்தைத் தேடுவார். மகனின் உண்மையான முகத்துக்கு மேல் நீங்கள் வரைந்த முகம் போய் உட்கார்ந்துவிடும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

அதற்காக “ஏலாது” என்று சொல்லி அனுப்பவும் வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், 19 வயதில் இருந்தபடியே வரைந்து தருகிறேன் என்று சொல்வேன். “அம்மா, படத்தில இருக்கிறதை நான் சரியா வரையிறன். இல்லாததை நானா உண்டாக்கினா அது உங்கட பிள்ளையா இராது” என்று நேராகச் சொல்லுங்கள். அவர் விளங்கிக்கொள்வார். சொல்லாமல் மாற்றி வரைந்து கொடுத்தால்தான் மனம் உடைவார்.

அழிந்த கண்ணுக்கு என்ன செய்வது? மற்றக் கண்ணைத் திருப்பிப் போட்டால் சரி என்று நினைத்திருப்பீர்கள். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இராது, என்னுடைய அந்தப் பிழையை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கண்ணை வழிகாட்டியாக வைத்து, அந்தப் பக்கத்தை மெல்லிய நிழலுக்குள் விடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுவதுபோல முகத்தை அமைத்தால், பாதி இருட்டில் இருக்கும் கண் இயல்பாகவே தெளிவில்லாமல் இருக்கும். பார்க்கிறவருக்குக் குறையாகத் தெரியாது, நீங்களும் பொய்க்கண் வரையவில்லை. அளவுகள் முடிந்து, பூச்சுத் தொடங்க முதல் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். “கண் எப்பிடி?” என்று கேட்டால் “வடிவான கண்” என்றுதான் சொல்வார், அது உங்களுக்கு உதவாது. புருவம் இரண்டும் கிட்டவா, சிரித்தால் எந்தப் பக்கம் குழி விழும், தலைமயிரை எந்தப் பக்கம் வாருவான், நெற்றியில் தழும்பு ஏதும் இருந்ததா என்று கேளுங்கள். சகோதரங்கள் இருந்தால் அவர்களையும் பாருங்கள். நேரம் எடுக்கும். அழுவார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இருங்கள்.

பிறகும் ஒருநாள், வயதான முகம்தான் வேண்டும் என்று அவர் கேட்டால், தகப்பனினதும் அண்ணன் தம்பியினதும் படங்களை வைத்து முயன்று பார்க்கலாம். அது வேறொரு தாளில், வேறொரு படமாக இருக்கட்டும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ வேறு விசாரணைக்கோ அந்த வரைபடத்தைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே மூலப்படத்தின் பிரதிதான் போகவேண்டும்.

இரண்டு சின்ன விடயம், ஆனால் சின்னதில்லை. செத்தவர் படத்துக்கு மாலை வரைவதும், கீழே மலர்வு, உதிர்வு என்று திகதி எழுதுவதும் உங்களுக்குப் பழகியிருக்கும். இந்தப் படத்தில் ஒரு பூக்கூட இருக்கக்கூடாது. பின்னணியில் விளக்கும் வேண்டாம். அந்த அம்மா இன்னும் காத்திருக்கிறார். மற்றது, சில வீடுகளில் இருக்கிற ஒரே படம் இயக்கச் சீருடையோடு இருக்கும். முகத்தை மட்டும் எடுத்துச் சாதாரணச் சேட்டோடு வரைந்து கொடுங்கள். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னங்களைப் பொதுவில் பகிர்ந்ததற்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆட்கள் கைதான நாடு இது. உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் வீண் கரைச்சல் வரக்கூடாது.

உங்களைப் பற்றியும் யோசியுங்கள். 2009 இல் நீங்களும் சின்னப் பிள்ளையாக அந்தப் போருக்குள்ளால்தான் நடந்து வந்திருப்பீர்கள். இப்படியான முகங்களை அடுத்தடுத்து வரைந்தால் நித்திரை போகும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு மாமரத்தையோ ஆட்டுக்குட்டியையோ வரையுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், போய்க் கதைக்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

காசும் உரிமையும்

காசு வாங்குவது பாவம் இல்லை. செத்தவீட்டுக்குப் பந்தல் போடுகிறவர் வாங்குகிறார், 31 ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கிற அச்சகம் வாங்குகிறது. உங்கள் மூன்று கிழமை உழைப்புக்கு மட்டும் விலை இல்லையா? ஒரு படத்துக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று கொப்பியில் எழுதி வாருங்கள். ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். தாள், பென்சில், சட்டம் போடுகிற செலவு தனி. பாதியை முற்பணமாக வாங்குங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்துக்கு நான் வாங்குவதில்லை. அது என் மனதுக்காக நான் வைத்த கட்டுப்பாடு, உங்களுக்கும் அப்படி இருக்கவேண்டும் என்று இல்லை.

அண்ணா சொன்ன நடிகர் படங்களில் அவசரம் வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் புகைப்படமும் பாதுகாக்கப்பட்ட ஆக்கம்தான். ஆக்கியவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் உரிமை இருக்கிறது. இணையத்தில் கிடக்கிறது என்பதற்காக அது பொதுச் சொத்து ஆகிவிடாது. பழகுவதற்கு வீட்டில் வரைவதைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை, ஆனால் அச்சொட்டாக வரைந்து விற்பதென்றால் படம் எடுத்தவரின் அனுமதி வேண்டும். குடும்பங்கள் கொண்டுவரும் ஸ்ரூடியோப் படங்களுக்கும் சட்டப்படி இதே கதைதான், ஸ்ரூடியோ இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரிய அளவில் வியாபாரமாகச் செய்ய யோசித்தால் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள், வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதைவிட, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனத்தின் தாய் தகப்பன், பேரப்பிள்ளைகளின் படங்களை அவர்களே எடுத்து அனுப்ப, நீங்கள் வரைந்து கொடுக்கலாம். அண்ணாவிடம் அதற்கு ஆள் பிடிக்கச் சொல்லுங்கள். யாருடைய படத்தையும் வீட்டுக்காரரைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடாதீர்கள், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

படிப்புக்கு வயது போகவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த இடத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் ஓவியம் படிக்கலாம். உங்கள் உயர்தரப் பெறுபேற்றுக்கு எது பொருந்தும் என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டாலும் முட்டையும் குப்பி விளக்கும் வீட்டில் இருக்கின்றன.

சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாமல் இடையில் மட்டை வைக்கச் சொல்லுங்கள், தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிவிடும். சுவரில் கொழுவ முதல் பின்பக்கத்தைக் கடதாசியால் மூடி ஒட்டுங்கள், எங்கள் பக்கத்துக் கறையானுக்குப் படம் என்ன, பலகை என்ன. சாமியறையில் சாம்பிராணிப் புகை படுகிற இடத்தில் மாட்டவேண்டாம் என்றும் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

அந்த முதல் அம்மாவிடம் திரும்பவும் போங்கள். படத்தை வாங்கி வந்து திருத்தவேண்டாம், அது அவரிடமே இருக்கட்டும். புதுத் தாள் ஒன்றைக் கொண்டுபோய், அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து, தலையின் வடிவத்தை மட்டும் கீறிக் காட்டி, “நெத்தி இவ்வளவு சரியோ அம்மா?” என்று கேளுங்கள்.